ராத்திரியில் உடைந்த போல்ட்

கீழ்பென்னாத்தூரில் என் மாமாவிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. அத்தையிடம் காட்டாத பரிவை அதனிடம் காட்டுவார். போன மாதம் நான் லீவில் போயிருந்தபோது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நாலு ஆலன் போல்ட்டுகளில் துரு ஏறியிருப்பது அவர் கண்ணை உறுத்தியது. கழற்றி, ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தார். ஆசிட்டில் முக்கித் துருவை எடுத்து, துத்தநாக முலாம் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். உள்ளூர் மெக்கானிக் பையன் சாயந்திரம் மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காலை அதே வண்டியில் இருவரும் திருவண்ணாமலை போவதாக ஏற்பாடு. வாசலுக்கு வந்தால், ஒரு போல்ட்டின் தலை மட்டும் தனியாகத் தரையில் கிடக்கிறது. ராத்திரி யாரும் வண்டியைத் தொடவில்லை. ரோட்டில் போகும்போது நடந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது.

"கண்ணு மண்ணு தெரியாம முடுக்கியிருக்கான் மாப்ளே!" என்று மாமா கிளம்பிவிட்டார். நாலு பேர் எதிரில் அந்தப் பையனை வாங்கு வாங்கென்று வாங்கினார். தர வேண்டிய நூற்றைம்பது ரூபாயும் கிடையாது என்றார்.

"ஐயா, அளவாத்தான் முடுக்கினேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

மனசு கேட்காமல், மெட்டலர்ஜி படித்த நண்பனுக்குப் போன் போட்டேன்.

"தலைல என்ன நம்பர் போட்டிருக்கு?"

"12.9."

"ஆசிட்ல முக்கினாங்களா? அப்புறம் அடுப்புல வெச்சுச் சுட்டாங்களா?"

"போல்ட்டை எதுக்குடா சுடணும்? அப்பளமா?"

"அப்ப மெக்கானிக்கை விட்டுடு. என் முதல் சந்தேகம் ஹைட்ரஜன் மேலதான்."

விஷயம் இதுதான். ஆசிட்டில் முக்கும்போதும், முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் கொஞ்சம் அணு அணுவாக எஃகுக்குள் புகுந்துவிடும். எடையில் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே போதும். போல்ட்டை முடுக்கினால், எந்த இடம் அதிகமாக இழுபடுகிறதோ அங்கே போய்ச் சேரும். சில மணி நேரம் கழித்துப் 'படக்'. எஃகு எவ்வளவு உறுதியோ, ஆபத்து அவ்வளவு அதிகம். சாதா போல்ட் தப்பித்துவிடும், 12.9 மாட்டிக்கொள்ளும்.

இதை 1875-லேயே ஜான்சன் என்ற ஆங்கிலேயர் எழுதிவிட்டார். ஆசிட்டில் நனைந்த இரும்புக் கம்பி சுள்ளி மாதிரி ஒடிந்தது. ஒடிந்த இடத்தை ஈரமாக்கினால் குமிழி வந்தது. சில நாள் சும்மா வைத்தால் பழைய பலம் திரும்பியது. அதாவது, குற்றவாளி காரியத்தை முடித்துவிட்டு நழுவிவிடுகிறான்! 2013-ல் சான் பிரான்சிஸ்கோவின் புதிய பே பிரிட்ஜில் 3 அங்குலப் பருமனுள்ள 96 கம்பிகளை முடுக்கினார்கள். சில நாட்களில் 32 ஒடிந்தன. அங்கேயும் ஹைட்ரஜன்தான்.

சரி, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாதா? கஷ்டம். அணுக்களிலேயே லேசானது, இருப்பது ஒரே எலெக்ட்ரான், எக்ஸ்ரேக்குச் சரியாகத் தெரியாது. ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது.

1955-ல் அமெரிக்காவில் எர்வின் முல்லரும் அவருடைய மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் ஊசி முனையில் தனித்தனி அணுக்களைப் பார்த்தார்கள். அந்த வழியில் 1967-ல் முல்லர் குழு 'ஆட்டம் ப்ரோப்' கருவியைச் செய்தது. எஃகை மிக நுண்ணிய ஊசியாகச் சீவி, உயர் மின்னழுத்தம் கொடுத்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பார்கள். வந்து சேரும் நேரத்தையும் இடத்தையும் வைத்து, எது என்ன அணு, எங்கே இருந்தது என்று இன்று முப்பரிமாண மேப்பே போடலாம். இந்த ரகக் கருவி சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல். கருவியின் வெற்றிடத்திலேயே கொஞ்சம் ஹைட்ரஜன் மிச்சமிருக்கும். எது திருடன், எது வீட்டுக்காரன்? அதனால் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை எஃகுக்குள் அனுப்பி, ஓடிவிடாதபடி உறைய வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் சிட்னி பல்கலைக்கழகக் குழு, எஃகின் படிகப் பிசகுகளிலும், படிகங்களின் எல்லைகளிலும், நியோபியம் கார்பைடு துகள்களின் விளிம்பிலும் அது ஒளிந்திருப்பதைக் காட்டியது. அந்தத் துகள்களைப் பொறியாக வைத்து அதைக் கட்டிப்போட முடியுமா என்பதுதான் இப்போது ஆராய்ச்சி.

அதுவரை நமக்குக் கைவைத்தியம்: 12.9 போல்ட்டுக்கு முலாம் பூசினால், நாலு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். வீட்டுத் தோசைக்கல்லில் முயற்சிக்க வேண்டாம். புது போல்ட் வாங்குவதே உத்தமம்.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், அதே நாலு பேர் எதிரில் நூற்றைம்பது ரூபாயை நீட்டினார். "உன் மேல தப்பு இல்லப்பா. ஹைட்ரஜன் செஞ்ச வேலையாம்."

பையன் ரூபாயை வாங்காமல் கேட்டான்: "யாருங்க ஐயா அவன், எந்த ஊரு?"