தண்டவாளத்துக்கு முன்னால் ஒரு கூரை

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழக மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாகவே போய்விடுகிறது; எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் இல்லை. தண்டவாளம் வந்தால் நெல்லுக்கு விடிவு பிறக்கும் என்று நினைப்பவர்கள் மன்னார்குடியைப் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்தில் பிரிந்து அங்கே முடியும் பாதை 1976-இல் மூடப்பட்டு, 2011-இல் அகலப் பாதையாகத் திரும்பியது. அங்கிருந்து சரக்கு ரயிலில் நெல் அரவைக்குப் போகிறது. ஆனாலும் 2025 அக்டோபர் மழையில் டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் காத்துக்கிடந்த குறுவை நெல் முளைவிட்டது. ஈரப்பத வரம்பை 17 விழுக்காட்டிலிருந்து 22 ஆகத் தளர்த்தும்படி மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்க நேர்ந்தது.

காரணம் எளிது. ஒரே சரக்கு ரயிலில் 2,000 டன் ஏற்ற வேண்டுமானால், 40 கிலோ மூட்டைகள் 50,000 நனையாமல் தயாராக இருக்க வேண்டும். நெல் கெடுவது பயணத்தில் அல்ல, களத்தில். அறுவடை இயந்திரம் வந்த பிறகு ஒரு வட்டாரத்தின் விளைச்சல் முழுவதும் சில நாட்களில் குவிந்துவிடுகிறது. லாரியும் அரவை ஆலையும் அந்த வேகத்துக்குப் பெருகவில்லை. காயவைத்துக் கொண்டுவந்த நெல்லும் முறைக்குக் காத்திருக்கும் இரவுகளில் பனியைக் குடித்து வரம்பைத் தாண்டுகிறது.

கொள்முதல் நிலையத்துக்குக் கூரை கேட்டால், உலர்த்துவது விவசாயியின் பொறுப்பு என்பார்கள். சரிதான்; ஆனால் எடை போட்ட பின் அது அரசின் நெல், அதற்கு முந்தைய காத்திருப்பும் அவர் விரும்பி ஏற்றதல்ல. சில வாரப் பயன்பாட்டுக்குக் கட்டடம் வீண்செலவு என்பது அடுத்த மறுப்பு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நவரை, சொர்ணவாரி, சம்பா என மூன்று பட்டம் நெல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அதே தளத்தில் வேர்க்கடலை காயலாம். வேகமாக நகர்த்தினால் சேமிப்பே தேவையில்லை என்ற வாதமும் மழை நாளில் நிற்காது. அன்று லாரி வந்தாலும் மூட்டை ஏற்ற முடியாது.

உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நீரைத் தேக்குவதை நிரந்தரப் பணியாகக் கருதிய ஊரில், அந்த நீரில் விளைந்ததைக் காப்பது மட்டும் பருவத்துக்குப் பருவம் தார்ப்பாய் தேடும் வேலையாக இருப்பது முறையல்ல.

ஆகவே, அடுத்த நவரை அறுவடைக்குள் உத்திரமேரூர் வட்டத்தில் திறந்த களத்தில் இயங்கும் கொள்முதல் நிலையங்களைக் கணக்கெடுங்கள். வரத்து அதிகமுள்ளவற்றில் முதலில் மேடான சிமெண்ட் தளமும் கூரையும் அமையுங்கள். ரயில் கேட்கும் உரிமையை நாங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் அது உங்கள் கையில் இல்லை; கூரை இருக்கிறது.

இப்படிக்கு,
உத்திரமேரூர் வட்டாரவாசி ஒருவர்