பிழை கையிலா, உளியிலா?

நிச்சயதார்த்த மோதிரம் எடுக்க வருகிறவர்கள், பில் போடும் நேரத்தில் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பெயர் வெட்டித் தருவீர்களா?” சீர் வரிசைக்கு வெள்ளித் தட்டும் குங்குமச் சிமிழும் வாங்குகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். நாமும் உடனே தலையசைத்து விடுகிறோம். ஆனால், அந்தப் பெயரை வெட்டப் போகிறவர் கையில் என்ன உளி இருக்கிறது, அது எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது பார்த்திருக்கிறோம்?

நாங்களும் பார்த்ததில்லை. அதனால் பட்டதை இங்கே சொல்வது மற்ற வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்றே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடைக்குப் பெயர் வெட்டித் தரும் பெரியவர் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஓய்வில் இருந்தார். அவரிடம் தொழில் பழகிய பையனிடம் ஒரு பட்டை மோதிரத்தைக் கொடுத்தோம். மணப்பெண்ணின் பெயரில் ‘ழ’ இருந்தது. அந்த வளைவில் உளி சறுக்கி, மோதிரத்தின் ஓரம் வரை கீறல் விழுந்தது. தேய்த்து மெருகு போட்டால் கீறல் போகும், எடையும் குறையும். மில்லிகிராம் வரை பார்க்கும் வாடிக்கையாளரிடம் அது செல்லுமா? வேறு மோதிரம் கொடுத்தோம், நஷ்டம் எங்களுடையது. உளி சரியாக ஓடவில்லை என்று பையன் சொன்னான். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று அவனைக் கடிந்து, வேலையை விட்டே நிறுத்தினோம்.

பெரியவர் திரும்பி வந்ததும் அந்த உளியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸில் பார்த்தார். பையன் கையில் குற்றமில்லை, இந்த உளியை வைத்துத் தாம் வெட்டினாலும் சறுக்கத்தான் செய்யும் என்றார். கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்திருக்கிறது!

அவர் அன்று விளக்கியது நகை வணிகர் அனைவரும் அறிய வேண்டியது. பட்டறையில் கிரேவர் என்று சொல்லும் இந்தச் சிற்றுளிக்கு மூன்று கோணங்கள் முக்கியம்.

முதலாவது, முகத்தின் சாய்வு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 45 டிகிரி பொதுவாக ஏற்றது. இதைவிட நுனியை மெலிதாக்கினால் கூர்மை கூடும். ஆனால் எளிதில் முறியும். பிளாட்டினம், எஃகு போன்ற கடினமானவற்றுக்கு 50 டிகிரிக்கு மேல் வைத்து நுனியைத் தடிப்பாக விடுவார்கள்.

இரண்டாவது, வெட்டும் பள்ளத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் கோணம். 90 டிகிரி உளி குறுகலான, ஆழமான கோடு தரும். 120 டிகிரி உளி அதே ஆழத்தில் அகலமான கோடு தரும். பள்ளத்தின் சரிவில் வெளிச்சம் பட்டு எழுத்து பளிச்சிடும். எடை குறைந்த மெல்லிய மோதிரத்தில் ஆழம் போக முடியாது. அங்கே அகலக் கோண உளியே பொருத்தம்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. நுனியை ஒட்டி, உளியின் அடியில் தீட்டப்படும் சிறு சரிவு அது. 15 முதல் 20 டிகிரி வரை வைப்பது வழக்கம். இந்தச் சரிவு இல்லாவிட்டால் உளி உலோகத்துக்குள் புதைந்துகொண்டே போகும். இருந்தும் நீளமாக இருந்தால், நேர்கோட்டில் தெரியாது. வளைவில் திரும்பும்போது பள்ளத்தின் வெளிவிளிம்பில் உரசும். பழகுகிறவன் ஓடவில்லையே என்று அழுத்துவான், அழுத்தினால் சறுக்கும். எழுத்து வேலைக்கு இச்சரிவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பெரியவரின் கணக்கு. நம் எழுத்துகளில் ட, ப போன்ற சில நீங்கலாக எல்லாமே வளைவுதானே!

இனி பயிற்சி. தங்கத்தில் பழக யாராலும் முடியாது. செப்புத் தகட்டிலும் பித்தளைத் தகட்டிலும்தான் பழக வேண்டும். முதலில் ஒரே ஆழத்தில், சம இடைவெளியில் நேர்கோடுகள். அவை கைவந்த பின் வளைவுகள், வட்டங்கள். அதற்குப் பிறகே எழுத்து. வளைவில் உளியைத் திருப்புவதைவிட, அரக்கில் பதித்த வேலையை இடக்கையால் உளிக்கு எதிராகத் திருப்ப வேண்டும். வலக்கைக் கட்டைவிரல் தகட்டில் ஊன்றி, தடையாக நிற்க வேண்டும். ஒருமுறை சறுக்கினால் மறுபடி முயலாமல், முதலில் நுனியை லென்ஸில் பார்க்க வேண்டும். நுனியை நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் உடனே தீட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் நாம் என்ன கொடுக்கிறோம்? வெட்டிய எழுத்துக்குக் கூலி கொடுக்கிறோம். தீட்டும் நேரத்துக்கும் பழகும் நேரத்துக்கும் கொடுப்பதில்லை. மாலையில் வேண்டும் என்று மதியம் மோதிரத்தை அனுப்புகிறோம். இருக்கும் ஒரே உளியால் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறோம். பிழை நேர்ந்தால் மட்டும் கூலியில் பிடித்துக்கொள்கிறோம். இது நியாயமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

லேசர் இயந்திரம் வந்த பிறகு இந்தத் தொழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரே மாதிரி நூறு மோதிரத்தில் எழுத இயந்திரமே சரி; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உளியால் வெட்டிய சரிவின் மினுமினுப்பைக் கேட்டு வருகிற வாடிக்கையாளர் இன்றும் இருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்புவது வியாபாரம் ஆகாது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இட அடையாளக் குறியீடு கட்டாயமாகியுள்ளது. மோதிரத்தின் உட்புறத்தில் பெயர் வெட்டக் கொடுக்கும்போது, அந்தக் குறியீடு இருக்கும் இடத்தைக் காட்டி, அதைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே, பெயர் வெட்டும் வேலை எடுக்கும் ஒவ்வொரு கடையும் தன் பட்டறைக்கு 90, 120 டிகிரி உளிகளைத் தனித்தனியே வாங்கித் தரட்டும். தீட்டுவதற்கு வைரத்தூள் பதித்த தகடும், பழகுவதற்குச் செப்புத் தகடும், தினம் ஒரு மணி நேரக் கூலியும் தரட்டும். தங்கம் விற்கும் விலையில் செம்பின் விலை நமக்கு ஒரு பொருட்டே அல்ல.

அந்தப் பையனைத் தேடிப் போய் அழைத்தோம். அதற்குள் அவன் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். மோதிரத்தின் நஷ்டத்தை அடுத்த முகூர்த்த மாதத்திலேயே ஈடு செய்துவிட்டோம். இரண்டு ஆண்டு தொழில் பழகிய ஒரு கையை இழந்ததை இன்னும் ஈடு செய்ய முடியவில்லை.