கிளினிக் நாளுக்குப் பேர் போடு!



கர்ப்பிணிப் பெண் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. போகாமல் மலைக்கு ஏறினால், "தோட்டத்து ஆட்களுக்கு அறிவில்லை" என்ற ஏச்சு. ஹேவாஹெட்டை, தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒருத்தி பஸ் பிடித்து கண்டிக்கோ பேராதனைக்கோ போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஒரு நாளை யார் கொடுப்பது?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலந்தொட்டு, இந்த மலைகளில் கொழுந்தின் நிறையை யாரும் மறந்ததில்லை. கொழுந்தெடுப்பவளின் இரத்தத்தை நிறுக்கத்தான் தராசு இல்லை. 2016ஆம் ஆண்டு அரசாங்கமே எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். இது பரம்பரைக் குள்ளம் அல்ல. தாயின் வயிற்றிலேயே தொடங்கும் பட்டினி.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை. மூச்சு வாங்கும், தலை சுற்றும். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் தாய் தாங்கமாட்டாள். இதற்குத்தான் மருத்துவ மாது இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். நம்மவர்கள் பலர் "மலம் கறுப்பாகிறது, குமட்டுகிறது" என்று அதை லயத்துக் கூரையில் சொருகி வைக்கிறோம். கறுப்பாவது இயல்பு, பயம் வேண்டாம். மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. நாம் பறிக்கும் அதே தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நன்றாகச் சேரும். திரிபோஷா பைக்கற்றை வீடு முழுக்கப் பங்கு போடுவதையும் நாம் அறிவோம். பசிக்கிற வீட்டில் அதைக் குற்றம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சம்பளத்தை அந்த நிலையில் வைத்தவர்களிடம் சொல்லுகிறோம்.

இரத்தம் படுதல், கடும் தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், வலிப்பு, பிள்ளை அசைவு குறைதல், பன்னீர்க்குடம் உடைதல் - இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துரையிடம் லொறி கேட்டு நிற்கவும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கும் உரியது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் லீவு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை நேரம் உண்டு: பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். கர்ப்பத்தைக் காட்டி வேலையால் நிறுத்த முடியாது. "மூன்றாம் பிள்ளைக்கு இல்லை" என்று எந்தக் காரியாலயத்தில் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்.

நம்முடைய பிழையையும் சொல்லிவிடுகிறோம். சம்பளப் பேச்சென்றால் மேசையைத் தட்டும் நம் தலைவர்மார் கிளினிக் நாளைக் கோரிக்கையாக வைத்தது குறைவு. மாதர் சங்கத் தோழியர் எழுப்பியபோதும் "அது பொம்பளை விஷயம்" என்று தள்ளினோம். இனித் தள்ள மாட்டோம். கிளினிக் நாளுக்கு முழுப் பேர். மாதம் ஏறிய பெண்ணுக்குச் சரிவு மலையும் பாரமும் வேண்டாம். தமிழ் பேசும் மருத்துவ மாது. தமிழும் அரச கரும மொழியென்று 1987இலேயே எழுதிவிட்டு, தாய்க்குப் புரியாத மொழியில் அறிவுரை சொல்லி என்ன பயன்?

கிளினிக் போனதற்காகப் பேர் வெட்டப்பட்டவர்கள், சம்பளச் சீட்டையும் கிளினிக் கார்டையும் தோட்டக் கமிட்டித் தலைவியிடம் இந்த மாதச் சம்பள நாளுக்குள் காட்டுங்கள். அவற்றோடு தொழில் காரியாலயத்துக்கு நாங்கள் போகிறோம்.