நகரத் தோட்டமும் நில பாத்தியதையும்

நகரவாசிகள் தங்கள் மாடியிலும் கொல்லையிலும் கீரையும் காய்கறியும் பயிரிட வேண்டும், ரஸாயன உரமும் பூச்சி மருந்தும் படாத உணவையே உண்ண வேண்டும், அருகில் விளைவதை அருகிலேயே வாங்க வேண்டும் என்ற கிளர்ச்சி நம் பட்டணங்களில் பரவி வருகிறது. இதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும், இவ்விஷயத்தில் சர்க்காரும் நகரசபைகளும் காட்டும் உற்சாகம் பெரும்பாலும் உபதேசத்தோடு நின்றுவிடுகிறது. பையும் விதையும் கொடுத்தாயிற்று, இனி நீங்கள் பாடு என்பதே அவர்களுடைய மனோபாவமாகத் தோன்றுகிறது. உபதேசத்தால் எவ்வளவு விளையும் என்பதை இரண்டு தீவுகளின் சரித்திரத்திலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

க்யூபா தீவு சர்க்கரையை ஸோவியத் நாட்டுக்கு அனுப்பி, அதற்குப் பிரதியாக எண்ணெயும் உரமும் தானியமும் பெற்று வாழ்ந்து வந்தது. 1991-ல் ஸோவியத் யூனியன் குலைந்ததும் அந்த வியாபாரம் அற்றுப்போயிற்று. எண்ணெயில்லாமல் டிராக்டர்கள் நின்றன. உழவுக்குக் காளைகளை மறுபடியும் பழக்கினார்கள். கிராமத்தில் விளைந்ததைத் தலைநகரான ஹவானாவுக்குக் கொண்டுவரப் போதிய லாரிகள் ஓடவில்லை. பங்கீட்டுச் சீட்டுக்குக் கிடைத்த உணவு பற்றாமல் ஜனங்கள் உடல் மெலிந்தார்கள்.

அந்நாளில் ஹவானாவில் மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்ப்பதற்கென்று கட்டிய தொட்டிகள் இருந்தன. வெளிநாட்டுச் சத்துப்பொருள் வராததால் அவை வெறுமனே கிடந்தன. அவற்றில் மண்ணையும் சாணத்தையும் மக்கிய குப்பையையும் நிரப்பிக் கீரை விதைத்தார்கள். இத்தோட்டங்களுக்கு 'ஆர்கனோபோனிகோ' என்று பெயர் வழங்கலாயிற்று. பிறகு குப்பை கொட்டிய மனைகளிலும், இடிந்த கட்டடங்களின் இடத்திலும், செங்கல்லும் ஓடும் கொண்டு வரப்பு கட்டிய பாத்திகள் எழுந்தன. நகர எல்லைக்குள் ரஸாயனப் பூச்சி மருந்து கூடாதென்று விதி செய்தார்கள்.

பசி வந்தால் எவனும் விதைப்பான் என்று சிலர் கூறக்கூடும். விதைப்பது வாஸ்தவம், அடுத்த வருஷமும் அதே இடத்தில் விதைக்க அவனுக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி. க்யூபா சர்க்கார் நிலத்தின் சொந்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயிரிடுகிறவர்களுக்கு அனுபவ பாத்தியதையைக் குத்தகையின்றி அளித்தது. 1994-ல் மிச்சமான விளைச்சலைத் தாமே விலை வைத்து விற்கச் சந்தைகளைத் திறந்துவிட்டது. பயிரைத் தின்னும் பூச்சியை அழிக்கும் பூச்சிகளையும் காளான்களையும் வளர்த்துக் கொடுக்க ஊர்தோறும் சிறு கூடங்கள் ஏற்பட்டன. விதையும் யோசனையும் கொடுக்கும் கடைகள் பேட்டைகளில் அமைந்தன. ஹவானாவுக்குக் கிழக்கேயுள்ள ஆலமார் என்னும் அடுக்குமாடிப் பேட்டையில் 1997-ல் ஒரு சிலர் கூடி ஆரம்பித்த கூட்டுறவுத் தோட்டம், பிற்காலத்தில் சுமார் 11 ஹெக்டேர் பரப்புக்கு வளர்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஜீவனம் அளித்தது.

ஹவானாவைச் சொர்க்கபூமியாக வர்ணிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். நகரத் தோட்டம் காய்கறி கொடுத்தது, சோறு கொடுக்கவில்லை. க்யூபா தன் உணவில் பெரும்பாகத்தை இன்னும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அரிசிக்கு வியட்நாமை எதிர்பார்க்கிறது. கிராமங்களில் தரிசாகக் கிடந்த சர்க்கார் நிலத்தைப் பயிரிடுவோருக்குப் பிரித்துக் கொடுக்க அந்நாட்டார் 2008-ல்தான் சட்டம் செய்தார்கள். பட்டணத்துத் தொட்டியைக் கவனித்த அளவுக்குக் கிராமத்து வயலை அவர்கள் கவனிக்கவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

இனி நம் அண்டைத் தீவைப் பார்ப்போம். 2019 தேர்தலில் கோத்தபாய ராஜபக்ஷ, இலங்கை விவசாயத்தைப் பத்து வருஷத்தில் இயற்கை முறைக்கு மாற்றுவதாக வாக்களித்தார். ஆனால் 2021 மே மாதத்தில் ரஸாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் இறக்குமதி செய்வது ஒரே உத்தரவில் தடுக்கப்பட்டது. பத்து வருஷ வேலையைப் பத்து நாளில் செய்ய நினைத்தார்கள். தீவு முழுவதுக்கும் வேண்டிய தொழுவுரமும் இலையுரமும் எங்கிருந்து வரும் என்று எவரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2022 ஜூனில், உணவும் எரிபொருளும் கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்று தவித்த சமயத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டுத்தோட்டம் போடுவதற்காக மூன்று மாதம் வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை என்று மந்திரிசபை தீர்மானித்தது. விடுமுறை கொடுக்கலாம், கொழும்பில் வாடகை அறையில் குடியிருக்கும் குமாஸ்தா எந்த மண்ணைக் கொத்துவான்?

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைக்கும் நம் சகோதரர்களுக்கு உரத்தடை புதிதன்று. 1990-க்குப் பின் யுத்த காலத்தில் உரமும் எரிபொருளும் வடக்கே போகாதபடி கொழும்பு சர்க்கார் தடுத்திருந்தது. நீரிறைக்கும் யந்திரத்துக்கு எண்ணெயின்றி அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்தத் தடையை இயற்கை விவசாயம் என்று அன்று எவரும் புகழவில்லை.

சென்னைக்கு வருவோம். 2013-ல் தமிழ்நாட்டு சர்க்கார் சென்னையிலும் கோயமுத்தூரிலும் மாடித்தோட்டத்துக்கென்று பை, தென்னைநார்க் கழிவு, விதை முதலியவற்றைச் சகாய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியந்தான். ஆனால் மாடி யாருடையது? சொந்த வீடுள்ளவனுக்கே மாடி; குடிக்கூலிக்காரன் கொடி கட்டி வேஷ்டி உலர்த்துவதற்கே வீட்டுக்காரரின் தயவு வேண்டும். நதிக்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஏழைகளுக்கு மாடியுமில்லை, கொல்லையுமில்லை. கீரையை விலை கொடுத்து வாங்க அதிகம் யோசிக்கிற குடும்பங்களும் அவைதான். இவர்களை விட்டுவிட்டு நடத்தும் இயக்கம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே முடியும்.

எருவுக்கும் பஞ்சமில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல்லாண்டுகளாக மலைபோல் குவிந்ததில் பெரும்பகுதி, பிரித்து மக்க வைத்திருந்தால் மண்ணாகியிருக்கும். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென்று 2016-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளிலேயே கண்டிருக்கிறது. கண்ணாடித்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எருவை எந்தத் தோட்டக்காரனும் தொடமாட்டான். ஆகையால் பிரிப்பதில் கண்டிப்பு வேண்டும். பழைய பட்டறைகளும் சாயக்கிடங்குகளும் இருந்த மனைகளில் மண்ணைச் சோதிக்காமல் கீரை போடலாகாது. தானியத்துக்கும் கிழங்குக்கும் செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின் விவசாயிகளையே நாம் நம்பியிருக்கிறோம். 1999-ல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தை முறையைத் தளரவிடாமல் காப்பதும் இதே வேலையின் ஒரு பகுதி.

சென்னை மாநகராட்சியார் தங்கள் வசமுள்ள வெற்று மனைகளின் ஜாபிதாவை வார்டு வாரியாகப் பிரசுரிக்க வேண்டும். பயிரிட முன்வரும் சங்கங்களுக்கு, முக்கியமாக மறுகுடியேற்றப் பேட்டைகளிலுள்ள ஸ்திரீகளின் சங்கங்களுக்கு, ஐந்து வருஷத்துக்குக் குறையாத எழுத்து மூலமான பாத்தியதை கொடுக்க வேண்டும். சோதித்த எருவை இலவசமாக அளிக்க வேண்டும். கட்டடம் கட்ட அவசியம் நேர்ந்தால் நின்ற பயிர் அறுவடையாகும் வரை பொறுப்பதென்ற நிபந்தனையும் பத்திரத்தில் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்பாகவே இந்த ஜாபிதா வெளிவர வேண்டும். அந்தந்த வார்டு அங்கத்தினரைக் கண்டு, அது எங்கே என்று கேட்கும்படி நம் தொண்டர்களை வேண்டிக்கொள்கிறோம்.