கழற்றுவதா பெரிது?

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் கப்ளிங் போயிடுச்சுன்னா கம்பெனிக்குத்தான் விடணும். வீட்டில் கை வைத்தால் வினைதான்!" ஆட்டோமொபைல் படிக்கிற நம்மில் சிலரே இப்படிச் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது நண்பர்களே.

லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரை எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2006 வரை வந்த முதல் மாடல். (2008-இல் டாடா வாங்கிய அதே லேண்ட் ரோவர்தான், இது அதற்கு முந்தைய சரக்கு.) இங்கிலாந்தில் இந்த வண்டிக்காரர்கள் பலர் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டு கப்ளிங்கை மாற்றிவிடுகிறார்கள். டிப்ளமோ எல்லாம் கிடையாது!

அது இருப்பது வண்டியின் அடியில் நடுவே, இரண்டு புரொபெல்லர் ஷாஃப்டுகளுக்கு இடையில். உள்ளே ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகடுகள். ஒரு வரிசை வெளிக்கூட்டோடு, மறு வரிசை உள்தண்டோடு. இடையில் சிலிக்கான் எண்ணெய். வேக வித்தியாசம் லேசாக இருந்தால் வழுக்கும். முன் சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினால் சூடேறி இறுகி, பின் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும். சும்மா சொல்லக் கூடாது, அருமையான ஐடியா!

ஆனால் வயதானால் எண்ணெய் நிரந்தரமாகக் கெட்டியாகிவிடும். இந்த வண்டியில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாக, வேண்டுமென்றே வேகமாகச் சுற்றும்படி பல் வைத்திருக்கிறார்கள். ஆக, நேர் ரோட்டில்கூட கப்ளிங்குக்கு ஓய்வில்லை. அது வழுக்க மறுத்தால் பாரமெல்லாம் கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் பெட்டி தலையிலும் பின் டிஃபரன்ஷியல் தலையிலும் விடியும். உடைந்த பெட்டியை மட்டும் மாற்றி, கெட்டிப்பட்ட கப்ளிங்கை அப்படியே விட்டால் புதுப் பெட்டிக்கும் அதே கதி. பில் இரண்டு தடவை! வண்டிக்காரன் பாடு?

அதனால்தான் சொல்கிறேன், போல்ட் கழற்றுவது பெரிய வேலையே இல்லை. கழற்றுமுன் பிளேஞ்சுகளில் அடையாளம் போட்டு, ஷாஃப்டை இறக்கி, தாங்கும் பேரிங் இரண்டையும் பார்த்து மாற்றினால் முடிந்தது. யூனிட் நல்ல கனம், இரண்டு பேர் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிற வீரம் வேண்டவே வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம்.

பெரிய வேலை, கப்ளிங்தான் குற்றவாளியா என்று கண்டுபிடிப்பது. அதற்கும் மெஷின் தேவையில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஹப் நட்டில் நீளமான கம்பி மாட்டி, முனையில் எடையைத் தொங்கவிடுங்கள். நல்ல கப்ளிங் என்றால் கம்பி மெதுவாக, ஒரே சீராக இறங்கும். நிமிடக் கணக்கில் அசையாமல் நின்றால்... ஆயுள் முடிந்தது!

சிலர் ஷாஃப்டையே கழற்றி வீசிவிட்டு முன் சக்கர இழுவையில் ஓட்டுகிறார்கள். ஓடும்தான். அதற்கு எதற்கு இந்த வண்டி? இன்னும் சிலர் பழைய இரும்புக் கடைக் கப்ளிங்கை வாங்கி மாட்டுகிறார்கள். அதன் வயசு யாருக்குத் தெரியும்? நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இல்லையென்றால் புதுசும் சீக்கிரம் போகும். இதை எத்தனை மெக்கானிக் சொல்கிறார்?

நாமோ படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு பேரவைக்கு வருகிறவர்கள், துறைத் தலைவரிடம் பழைய கப்ளிங் ஒன்றை ஒர்க்‌ஷாப்புக்குக் கேட்டு வாங்கட்டும். கம்பியும் எடைக்கல்லும் நம்மிடமே இருக்கிறது.