அறமும் அரசும் சட்டமும் ஒருங்கே கற்பிக்கப்படுக!

கல்வியைக் கூறுகூறாக அறுத்து, ஒரு கூற்றை ஒருவனுக்கும் மற்றொரு கூற்றை மற்றொருவனுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே இற்றைக் கல்விமுறை. மெய்யியல் பயின்றவன் சட்டநூலைத் தொடுவதில்லை. சட்டம் பயின்றவன், அச் சட்டம் எந்த அறத்தின்மேல் நிற்கின்றதென்று வினவுவதில்லை. அரசியல் பயின்றவனோ ஆட்சியமைப்புகளின் பெயர்களை நெட்டுருச் செய்து தேர்வெழுதி முடிக்கின்றான். இம் மூன்றையும் ஒரே இளங்கலைப் பட்டத்தில் ஒருங்கே கற்பிக்கும் முறை மேலை நாடுகள் சிலவற்றில் உள்ளது. அதனைத் தமிழர் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

ஒருங்கே கற்பிப்பது எதற்கு என்பார்க்கு, சென்னை மாநிலத்தில் எழுந்த வழக்கொன்றே விடை கூறும். கல்லூரி இடங்களுள் 14க்குப் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் ஆகியோர்க்கு 1, முசுலீம்களுக்கு 1 என வகுத்திருந்தது வகுப்புவழி அரசாணை. செண்பகம் துரைராசன் என்பார் அதனை எதிர்த்து வழக்காடினார். கல்விநிலையச் சேர்க்கையில் சாதி, சமயம் முதலியவற்றை மட்டுமே கருதி எவரையும் விலக்கலாகாது என்னும் 29(2)ஆம் பிரிவைக் காட்டி, 1951 ஏப்பிரல் 9ஆம் நாள் உச்ச முறைமன்றம் அவ் வாணை செல்லாதென்றது. நலிந்தோர் கல்வியைப் பேணுக என்னும் 46ஆம் பிரிவு, அடிப்படை உரிமைக்கு அடங்கியதே என்றும் கூறிற்று. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அவ் வாண்டு சூன் திங்களிலேயே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4)ஆம் பிரிவு பிறந்தது.

இந் நிகழ்ச்சி சட்டமா, அரசியலா, மெய்யியலா? தீர்ப்பு சட்டத்தின்பாற் பட்டது. கிளர்ச்சியும் திருத்தமும் அரசியலின்பாற் பட்டன. ஆயின் இரண்டிற்கும் அடியிற் கிடந்த வினா, நிகரல்லாதாரை ஒரே கோலால் அளப்பது நிகர்மையாகுமா என்பதன்றோ? அது மெய்யியல் வினா. மூன்றனுள் ஒன்றை மட்டும் கற்றவன், யானையைத் தடவிய குருடனாய், தான் தொட்டதையே முழுமையென்று வாதிடுவான்.

தமிழுக்கு இவ் வொருங்கிணைவு புதிதன்று. வள்ளுவர் 38 அதிகாரங்களில் அறத்தை நிறுவிய பின்னரே 70 அதிகாரங்களிற் பொருளை விரித்தார். செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அப் பொருட்பாலிலேயே அடுத்தடுத்து வைத்தார். அறத்தைக் கல்லாமல் ஆட்சியைக் கற்பது அவர் வகுத்த நெறியன்று.

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டு மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றையும் இணைத்து ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. இலண்டன் கிங்சு கல்லூரியில் அரசியலும் மெய்யியலும் சட்டமும் இணைந்த படிப்புண்டு. இந்தியாவில், பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளி 1988ஆம் ஆண்டு ஐந்தாண்டுச் சட்டப்படிப்பின் முதல் வகுப்பைத் தொடங்கிய பின்னர், அம் முறை நாடெங்கும் பரவிற்று. அதில் அரசியலும் குமுகாயவியலும் இடம்பெறினும், மெய்யியல் பெரும்பாலும் சட்டக் கோட்பாடு என்னும் ஒரு பாடத்தளவில் நின்றுவிடுகின்றது. அடித்தளம் ஒரு முழம், மாடம் ஏழடுக்கு!

மூன்றையும் தொட்டவன் எதிலும் ஆழங் காணான் என்று மறுப்பாருளர். அம் மறுப்பு முற்றும் புறந்தள்ளத் தக்கதன்று. மூன்று பாடநூல்களை ஒரு கயிற்றாற் கட்டிவிட்டால் அது மூட்டையாகுமேயன்றிப் படிப்பாகாது. ஒறுத்தல் எதற்கு, உரிமை எங்கிருந்து வருகின்றது, தீய சட்டத்திற்குப் பணிதல் கடனா என்னும் வினாக்களை நடுவே நாட்டி, மூன்று துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் விடை தேடுதல் வேண்டும். மேலும், இப் பட்டம் பெற்றவன் வழக்கறிஞனாதற்கு மூன்றாண்டுச் சட்டப்படிப்பையும் முடித்தாக வேண்டும். ஐந்தாண்டில் முடிவது ஆறாண்டாகும். ஏழை உழவன் மகனுக்கு ஓராண்டு பெருஞ்சுமை. ஆதலின் உதவித்தொகையின்றி இத் திட்டம் செல்வர் வீட்டு அணிகலனாகவே முடியும்.

இப் படிப்பு எம் மொழியில் நிகழ்வது? இங்கிலாந்தின் முறைமன்றங்களிலேயே ஒருகால் பிரெஞ்சும் இலத்தீனும் கோலோச்சின. வழக்கு நடவடிக்கைகளும் பதிவுகளும் ஆங்கிலத்திலேயே அமைதல் வேண்டுமென்று அந் நாட்டார் 1731ஆம் ஆண்டு சட்டஞ் செய்தனர். தம்மைப் பிணைக்கும் சட்டம் தமக்கு விளங்குதல் வேண்டுமென்பது ஆங்கிலேயனுக்கு உரிமையெனின், தமிழனுக்கு மட்டும் அது மிகையோ? உயர் முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டே வலியுறுத்தியும் அது நிறைவேறவில்லை. அறத்தையும் ஆட்சியையும் சட்டத்தையும் தமிழிலேயே எண்ணவும் வாதிடவும் வல்ல ஒரு தலைமுறை எழுந்தாலன்றி, மன்றத்தின் கதவு திறந்தாலும் உள்ளே சென்று பேச ஆளிராது.

ஆகவே அரசு கலைக்கல்லூரிகள் சிலவற்றிலேனும் இம் மூன்றும் இணைந்த இளங்கலைப் பட்டம் தமிழில் தொடங்கப்படுக! சட்டத்தை அறிந்தவன் வழக்கை வெல்வான். சட்டத்தின் வேரையும் அறிந்தவனே தீய சட்டத்தை மாற்றுவான்.