அறிவியல் அரங்கம்: வெள்ளைத் திரை



கைப்பேசியில் செயலியைத் திறந்து, தொகையைக் குறித்துப் பொத்தானை அழுத்துகின்றோம். சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கின்றது. பின்னர் வெள்ளைத் திரை. பணம் போயிற்றா, பயணச்சீட்டு கிடைத்ததா என்பதற்கு விடை இல்லை. ஊரிலிருந்து வந்து மக்களுடன் தங்கியிருக்கும் பெரியோர்கள், "ஏதோ தவறாகத் தொட்டுவிட்டேன் போலும்" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். அங்ஙனம் நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

செயலி முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே அடங்கியிருப்பதன்று. பணம் செலுத்தும் பக்கம், விண்ணப்பப் படிவம் முதலியன பலவேளைகளில் வலைப்பக்கங்களே. செயலி தன்னுள் ஒரு சாளரத்தைத் திறந்து அவற்றைக் காட்டுகின்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அச்சாளரத்திற்கு வெப்வியூ என்று பெயர். உலவியில் பக்கம் வாராவிடின் உலவியே காரணத்தைக் கூறிவிடும். செயலிக்குள்ளோ, அதனைக் கூறும் பொறுப்பு செயலியை ஆக்கியோரைச் சார்ந்தது. அவர்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் ஐபோனில் வெறுந்திரையே எஞ்சும். ஆண்ட்ராய்டில் விளங்காத ஆங்கிலக் குறியுடன் ஒரு பக்கம் வரும்.

சாளரமே பழுதாவதும் உண்டு. 2021 மார்ச் 22, 23 நாள்களில் வெப்வியூவின் புதிய பதிப்பில் இருந்த குறையால், உலகெங்கும் ஆண்ட்ராய்டுச் செயலிகள் பல திறந்தவுடனே மூடிக்கொண்டன. கூகுள் திருத்திய பதிப்பை வெளியிட்ட பின்னரே அவை சீராயின.

இனி, பக்கம் வாராமைக்குக் காரணங்கள் பல. தொடர்பு அறுந்திருப்பின் சற்று நகர்ந்து நின்றாலே போதும். 404 என்ற எண் தோன்றினால், சர்வர் விடையளித்துவிட்டது, கேட்ட பக்கம் அங்கு இல்லை என்பது பொருள். எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. 503 என்றால் சர்வர் அவ்வேளையில் ஏற்கும் நிலையில் இல்லை, பொறுத்துப் பார்க்கலாம். கைப்பேசியின் நாளும் நேரமும் தவறாயிருந்தாலும் பக்கம் மறுக்கப்படும். ஏனெனில், பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நெடுநாள் அணைந்து கிடந்த பழைய கைப்பேசியை முதியவர்க்குக் கொடுக்கும்போது இதனை முதலில் பார்த்தல் நன்று.

இவற்றுள் மிகவும் கருதத்தக்கது காலங்கடத்தல் என்னும் பிழை; 504 என்பது அதன் எண்களுள் ஒன்று. நாம் அனுப்பிய கடிதம் உரியவரைச் சேர்ந்துவிட்டது. அவர் விடுத்த மறுமொழி வழியில் நின்றுவிட்டது என்பதும் இதற்குப் பொருளாகலாம். அஃதாவது, திரை வெறுமையாயிருப்பினும் பணம் சென்றிருக்கக்கூடும். ஆதலின் மீண்டும் அழுத்துமுன் வங்கிக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் முறை அழுத்தியதால் இருமுறை பணம் இழந்து அலைவோர் உளர்.

நம் இல்லங்களில் இத்தொழில் புரியும் இளைஞர் பலர். அவர்களுக்கும் ஒரு சொல். பக்கத்திலுள்ள ஒரு படம் வாராததற்காக முழுப் பக்கத்தையும் மறைத்துப் பிழை காட்டுவது முறையன்று. ஆண்ட்ராய்டு 6 முதல், பிழை முதன்மைப் பக்கத்தினதா அன்றா என்று வெப்வியூவே தெரிவிக்கின்றது. அதனைக் கேட்டறிதல் எளிது. சான்றிதழ்ப் பிழையை அடக்குவதற்காக 'தொடர்க' என்று எழுதிவிடுவதோ கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதை ஒக்கும். 'மீண்டும் முயல்க' என்னும் பொத்தானைப் பணம் செலுத்தும் பக்கத்தில் வைக்குமுன், முன்னைய முயற்சி என்னாயிற்று என்பதைச் செயலியே சர்வரிடம் கேட்டறிய வேண்டாவா? அறிந்ததைத் தமிழிலும் இந்தியிலும் இரண்டு வரியில் எழுத எவ்வளவு நேரமாகும்? தில்லியில் மகன் வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு அவ்விரண்டு வரியே துணை.

கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரர்க்கு உறுதிச் செய்தி சேராதிருந்தால், யூபிஐ வழிச் செலுத்திய தொகை பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் தானே திரும்ப வேண்டும். தவறினால் மேற்படும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, முறையீட்டை எதிர்பாராமலே வழங்கப்பட வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி. வங்கியின் குறுஞ்செய்தியையும் அப்பரிமாற்றத்தின் எண்ணையும் அதுவரை அழியாமல் வைத்திருங்கள்.